பனியன் முதல் கடைப் பலகை வரை: தடித்த பிக்சல் தமிழ் எழுத்துரு செய்து பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும் டி-சர்ட்டுகளை ஒரு சுற்று பார்த்தால், பழைய வீடியோ கேம் பாணியில் சதுரம் சதுரமாக அடுக்கிய ஆங்கில எழுத்துகள் எப்படியும் கண்ணில் படும். அதே பாணியில் தமிழ் அரிதாகத்தான் தென்படுகிறது. தென்படுவதிலும் பல, சாதாரணத் தமிழ் எழுத்துருவை எடுத்து ஃபோட்டோஷாப்பில் மொசைக் ஃபில்டரை ஓட்டியவை. சுழி அடைந்துபோய், புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போய், ‘கோவை’யா ‘கொவை’யா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

தமிழ் எழுத்தில் அந்தக் கோளாறு இல்லை. ஆங்கிலத்துக்குப் போட்ட கட்டத்தில் தமிழை உட்கார வைப்பதால் வருவது அது. எங்கே அச்சாகப் போகிறது என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற கட்டத்தைப் போட்டு, அதில் ஒவ்வொரு எழுத்தையும் கையால் நிரப்பினால் தமிழ் பிக்சல் எழுத்து பிரமாதமாக நிற்கும். கொங்குப் பகுதியில் பனியனும் தறியும் கடைப் பலகையும் பக்கத்திலேயே இருப்பதால், எழுத்தைச் செய்த வாரமே நான்கு விதமாகச் சோதித்தும் பார்த்துவிடலாம்.

ஏன் 8 கட்டம் போதாது

1980-களின் வீடியோ கேம் இயந்திரங்கள் பல, திரையை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தன. ஒரு கட்டத்துக்குள் ஓர் எழுத்து. இன்று இலவசமாகக் கிடைக்கும் ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ என்ற எழுத்துரு அந்தக் கால நாம்கோ நிறுவனத்துக் கேம்களின் எழுத்தைப் பின்பற்றியது. 1984-இல் வந்த மேக்கின்டாஷ் கணினிக்கு சூசன் கேர் வரைந்த ‘சிகாகோ’வும் பிக்சல் எழுத்துதான். அடுத்த ஆண்டே சூசானா லிக்கோ, இந்தக் கரடுமுரடை மறைக்காமல் அதையே அழகாக்கி எமிக்ரே நிறுவனத்துக்கு எழுத்துருக்கள் செய்தார். இவர்கள் எல்லோருக்கும் ஒரு வசதி இருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலேயும் கீழேயும் எதுவும் ஒட்டாது.

‘ஈ’ என்று உச்சரிக்கிற ஆங்கிலப் பெரிய எழுத்தை எண்ணிப் பாருங்கள்: மூன்று படுக்கைக் கோடுகள், இரண்டு இடைவெளிகள், மொத்தம் 5 வரிசை. நம் ‘க’வும் அதேதான்: மேல்கோடு, இடைவெளி, நடுக்கோடு, சுழியின் வயிறு, அடிக்கோடு. ஐந்து. ஆனால் ‘க்’ என்றால் மேலே ஓர் இடைவெளியும் ஒரு புள்ளியும் வேண்டும், ஏழாகிவிடும். ‘கு’வுக்கும் இடம் விட்டால் கீழே இன்னும் இரண்டு, மொத்தம் ஒன்பது. ஒற்றைப் பிக்சல் தடிமனில் மெலிந்த எழுத்து வரைந்தாலே 8 பற்றாது. தடித்த எழுத்துக்குப் பேச்சே இல்லை.

இந்த வழிகாட்டி முழுக்க நான் பயன்படுத்துவது 16 வரிசைக் கட்டம். கோட்டின் தடிமன் 2 பிக்சல். எழுத்தின் உடம்புக்கு 10 வரிசை (மூன்று கோடு, இரண்டு இடைவெளி, எல்லாமே 2). மேலே 3 வரிசை புள்ளிக்கும் இகர ஈகாரத்துக்கும். கீழே 3 வரிசை உகர ஊகாரத்துக்கும் ‘ர’, ‘ற’ போன்றவற்றின் வாலுக்கும். 3 + 10 + 3 = 16. இதில் கூடுதலாக ஒரு நன்மை உண்டு: ஆங்கிலப் பெரிய எழுத்தையும் எண்ணையும் அதே 10 வரிசையில் வரைந்தால், தமிழும் ஆங்கிலமும் ஒரே உயரத்தில் நிற்கும். ‘கோவை 641001’ என்று ஒரே வரியில் போடும்போது எண்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்காது.

அகலத்தில் பிடிவாதம் வேண்டாம். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பது வீடியோ கேம் திரையின் கட்டாயம், நமக்கு இல்லை. ‘ப’வுக்கு 8 போதும், ‘ண’வுக்கு 16-க்கு மேல் போகும். போகட்டும்.

வரையத் தொடங்குதல்

அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காதீர்கள். ‘அ’ மிகக் கடினமான எழுத்துகளில் ஒன்று. முதலில் ‘ப’. இரண்டு நிமிர்ந்த கோடு, ஓர் அடிக்கோடு, உள்ளே 4 பிக்சல் வெளி. இதுதான் உங்கள் அளவுகோல். ‘ட’, ‘ய’, ‘ம’, ‘வ’ எல்லாம் இதிலிருந்து பிறக்கும். அடுத்தது ‘க’. உயரவாக்கில் நெருக்கடி எவ்வளவு என்று அது சொல்லிவிடும். மூன்றாவது ‘ண’. அகலவாக்கில் நெருக்கடி அங்கே தெரியும். இந்த மூன்றும் ஒன்றாக வைத்தால் ஒரே குடும்பமாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

10×10-இல் ஒரு ‘க’ இப்படி வரும்:

■■■■■■■■□□
■■■■■■■■□□
□□□□■■□□□□
□□□□■■□□□□
■■■■■■■■■■
■■■■■■■■■■
■■□□■■□□■■
■■□□■■□□■■
■■■■■■□□■■
■■■■■■□□■■

வலது காலின் நுனியை இடப்பக்கம் லேசாக வளைக்க ஆசை வரும். கையெழுத்தில் அப்படித்தானே இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது 2 பிக்சல் வெளி. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் ஒற்றைப் பிக்சல்தான், துணியில் மை ஏறியதும் அது அடைந்துவிடும். தடித்த பிக்சல் எழுத்தில் வெளிதான் எழுத்து. கறுப்பைவிட வெள்ளையைக் காப்பாற்றுவதில் கவனம் வையுங்கள்.

‘க’, ‘ச’, ‘த’ மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு. வலப்பக்க முடிவில்தான் வேறுபாடு. அதனால் அந்த முடிவை மிகைப்படுத்தியே வரையுங்கள். ‘த’வின் வாலைக் கீழே 3 வரிசையும் முழுதாக இறக்கிவிடுங்கள். ‘ன’, ‘ண’ விஷயத்தில் சுழிகளைக் கொஞ்சம் சுருக்கலாம் என்று தோன்றும். சுருக்கினால் இரண்டு சுழியா மூன்று சுழியா என்பது எண்ண முடியாமல் போய்விடும். அகலத்தைக் கூட்டுங்கள், சுழியைக் குறைக்காதீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது ‘ர’வும் துணைக்காலும்தான். ‘ர’வின் கீழே சாய்ந்து இறங்கும் வாலை எடுத்துவிட்டால் அது அப்படியே ‘ா’. ஆகவே ‘ர’வுக்கு வால் கட்டாயம், அதுவும் 2 பிக்சல் தடிமனில். துணைக்காலை ‘ர’வைவிட ஒரு பிக்சல் குறுகலாக வைத்தால் இன்னும் தெளிவு. எழுத்துரு வல்லுநர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா தெரியாது. பனியனில் படிக்க முடிகிறது, எனக்கு அது போதும்.

கொம்பு, புள்ளி, சுழி

‘கொடு’ வேறு, ‘கோடு’ வேறு. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேற்சுழியில் மட்டும் இருப்பதால், இரட்டைக்கொம்பின் மேற்சுழிக்குள் குறைந்தது இரண்டு பிக்சல் வெள்ளை இருக்க வேண்டும். அதற்காகக் கொம்பை மேலே உள்ள 3 வரிசைக்குள் நீட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஈகாரத்தின் சுழியிலும் இதே சிக்கல். அங்கே இருப்பது 3 வரிசை மட்டுமே என்பதால் 2 பிக்சல் தடிமனைக் கைவிட்டு, ஒற்றைப் பிக்சல் வளையமாக 4 அகலம், 3 உயரத்தில் போடுங்கள். சுழிக்குள் இரண்டு பிக்சல் வெளி கிடைக்கும். விதியை மீறுகிறோம்தான், ஆனால் ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றாகத் தெரிவதைவிட இது மேல்.

புள்ளி 2×2 சதுரம், எழுத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு வரிசை வெளி. வெளியை இரண்டாக்க இடமில்லை. புள்ளியை எழுத்தின் நட்ட நடுவில் வைப்பதா, மேல்கோட்டின் நடுவில் வைப்பதா என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் கண் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. கணினியைத் தானாக வைக்க விட்டால் அது அரைப் பிக்சலில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் 18 மெய்யெழுத்துகளையும் தனித்தனியாக வரைந்துவிடுவதே நல்லது.

எத்தனை உருவம் வரைய வேண்டும் என்று மலைக்க வேண்டாம். 247 எழுத்துக்கும் 247 படம் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72. இவற்றோடு துணைக்கால், இரண்டு கொம்பு, ஐகாரத்தின் இணைக்கொம்பு, ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டு. மொத்தம் 126. மற்ற உயிர்மெய்கள் எல்லாம் இவற்றை அருகருகே வைத்தாலே வந்துவிடும். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். ‘டெக்ஸ்டைல்ஸ்’, ‘ஸ்ரீ முருகன்’ இல்லாமல் இந்த ஊரில் எந்தப் பலகையும் கிடையாது.

ஊர்ப் பெயர்களை வைத்துச் சோதனை

ஆங்கிலத்தில் எல்லா எழுத்தும் வரும்படி ஒரு வாக்கியம் வைத்துச் சோதிப்பார்கள். நமக்கு ஊர்ப் பெயர்களே போதும், கொங்கு நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தாராபுரம்’ முதல் சோதனை. துணைக்கால், ர, துணைக்கால், கொஞ்சம் தள்ளி மறுபடி ர. வால் சரியில்லையென்றால் அங்கேயே காலை வாரிவிடும். ‘ஊத்துக்குளி’யில் ‘ஊ’வுக்குள் இருக்கும் குட்டி ‘ள’வும் கடைசியில் வரும் ‘ளி’யும் ஒரே சாயலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ‘மூலனூர்’ கீழ்ப்பக்கச் சுழிகளுக்கு. ‘காங்கேயம்’ இரட்டைக்கொம்புக்கும் ‘ங்’ மேலிருக்கும் புள்ளிக்கும். ‘குண்டடம்’ மூன்று சுழிக்கு. ‘பெருந்துறை’யில் ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் ஒரே சொல்லில் வருகின்றன. ‘சென்னிமலை’, ‘அவிநாசி’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ‘ன’வும் ‘ந’வும் தெளிவாகப் பிரிகின்றனவா என்று தெரியும். கடைசியாக ‘கோபிசெட்டிபாளையம்’. இது இடைவெளிக்கான சோதனை. எழுத்துக்கு எழுத்து விட்ட வெளி சீராக இல்லையென்றால் இவ்வளவு நீளமான சொல்லில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

எழுத்துகளுக்கு இடையே 2 பிக்சல் வெளி விடுங்கள், அதாவது ஒவ்வொரு எழுத்தின் இரு பக்கமும் ஒன்று. ‘ட’வுக்குப் பின்னால் வெளி அதிகமாகத் தெரிந்தால் ஒரு பிக்சல் குறைக்கலாம். அரைப் பிக்சல் மட்டும் கூடவே கூடாது.

சோதனையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடித்துவிடாதீர்கள். தாளில் எடுத்து எதிர்ச் சுவரில் ஒட்டி, வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஒரு நொடி தயங்கும் எழுத்துதான் திருத்த வேண்டிய எழுத்து.

எழுத்துருவாக மாற்றுதல்

ஒரே ஒரு சொல்லை ஒரே ஒரு பனியனில் போட வேண்டுமென்றால் எழுத்துருக் கோப்பே தேவையில்லை. படமாக வரைந்தால் போதும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தப் பகுதி.

இலவச மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜ் போதும். மொத்த உயரத்தை 1024 அலகாக வையுங்கள். 16 வரிசை என்பதால் ஒரு பிக்சலுக்குச் சரியாக 64 அலகு. எழுத்து உடம்பின் அடி விளிம்புக்கு மேலே 13 வரிசை, அதாவது 832. கீழே 3 வரிசை, 192. எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 1024 உயரத் தாளில், 64 அளவுக் கட்டத்தில், கட்டத்தோடு ஒட்டும் வசதியைப் போட்டு, சதுரங்களாக வரைந்து எஸ்விஜி கோப்பாக உள்ளே கொண்டுவரலாம்.

கொண்டுவருவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, சதுரங்களை எல்லாம் ஒன்றாக இணைப்பது. இணைக்காமல் விட்டால் சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு அச்சில் வந்து நிற்கும். இரண்டு சதுரங்கள் மூலையில் மட்டும் தொடும் இடங்களையும் தேடிப் பிடியுங்கள். கணினிக்கு அது இணைந்ததா பிரிந்ததா என்று புரியாது, துணியில் அச்சிடும் ஸ்கிரீனுக்கும் புரியாது. ஒரு பிக்சல் சேர்த்து அந்த இடத்தை உறுதியாக ஒட்டவோ, ஒரு பிக்சல் எடுத்துத் தெளிவாகப் பிரிக்கவோ செய்யுங்கள்.

யூனிகோடில் ‘கு’வுக்குத் தனி எண் கிடையாது. ‘க’வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் ‘கு’ படத்தைக் காட்டு என்று எழுத்துருவுக்குள் கட்டளை எழுத வேண்டும். ஃபான்ட்ஃபோர்ஜின் ஃபான்ட் இன்ஃபோ பகுதியில் லுக்கப்ஸ் என்ற இடத்தில் லிகேச்சர் வகையைத் தேர்ந்து, தமிழ் எழுத்துமுறையைக் குறித்துவிட்டு, இகர ஈகார உகர ஊகாரங்களுக்கும் புள்ளிக்கும் என மொத்தம் 90 சேர்க்கைகளை உள்ளிட வேண்டும். சலிப்பான வேலை. ஒரு மதியம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்துவதை நீங்கள் செய்ய வேண்டியதில்லை, அதைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

ஏற்றுமதி செய்யும்போது ஆட்டோஹின்ட் (திரைக்கேற்ப விளிம்புகளைத் தானாகச் சரிசெய்யும் வசதி) வேண்டாம். பிக்சல் எழுத்துக்கு அது உதவியைவிடத் தொல்லைதான் அதிகம்.

பனியனில் அச்சிட

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். நான் மேலே சொன்ன அளவுகளில் ‘திருப்பூர்’ என்ற சொல் ஏறக்குறைய 60 பிக்சல் அகலம் வரும். நெஞ்சுக்குக் குறுக்கே 27 செ.மீ. அச்சு என்றால் ஒரு பிக்சல் 4.5 மி.மீ., எழுத்தின் மொத்த உயரம் 7.2 செ.மீ. அருமையான அளவு, எந்த மையிலும் நிற்கும். இடது நெஞ்சில் 8 செ.மீ. சின்னமாக வேண்டுமென்றால் ஒரு பிக்சல் 1.3 மி.மீ. சாதாரண பிக்மென்ட் மையில் நிற்கும், சூட்டில் உப்பும் பஃப் மையில் சந்தேகம். கழுத்துப் பட்டி லேபிளுக்கு 3 செ.மீ. என்றால் ஒரு பிக்சல் அரை மி.மீ. அந்த இடத்தில் இந்த எழுத்தே வேண்டாம்.

பிரிண்டிங் டேபிளில் வேலை செய்கிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

“ஏனுங்கண்ணா, இந்தப் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவுல இருக்கற சந்து நிக்குமுங்களா?”

“பிக்மென்ட்டுன்னா நிக்கும் தம்பி. பஃப்புன்னா ஊதி அடைச்சுக்கும். சந்த இன்னுங் கொஞ்சம் விட்டுக் குடுங்க.”

பஃப் மை சூட்டில் மேலே எழும்பும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் பரவும். அதனால் பஃப்புக்கென்று தனியாக ஒரு பிரதி செய்து, அதில் புள்ளிக்குக் கீழே உள்ள வெளியை இரண்டு வரிசையாக்குங்கள். மொத்த உயரம் 17 ஆகும், பனியனில் யார் எண்ணப் போகிறார்கள்? டிஸ்சார்ஜ் அச்சு என்றால் துணி ரியாக்டிவ் சாயம் போட்ட காட்டனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துணியின் சாயத்தையே எடுத்துவிட்டு அச்சிடும் முறை அது, எல்லாச் சாயமும் அதற்கு ஒத்துவராது. சப்ளிமேஷன் பாலியெஸ்டருக்கு மட்டும்.

பிக்சல் எழுத்தின் விளிம்புகள் எல்லாம் நேர்கோடு. ஸ்கிரீன் துணியின் இழைகளும் நேர்கோடு. இரண்டும் ஏறக்குறைய இணையாக ஓடும்போது விளிம்பு அரம் போலப் பல் பல்லாக வரலாம். 43டி போன்ற பெரிய கண் ஸ்கிரீனில் இது பளிச்சென்று தெரியும். சின்ன அளவு அச்சுக்கு 77டி கேளுங்கள். டி என்பதற்கு முன்னால் உள்ள எண், ஒரு செ.மீ.க்கு எத்தனை இழை என்பது.

முதுகு முழுக்கப் பெரிதாக ரப்பர் பிரிண்ட் போட்டால் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும், துவைத்துத் துவைத்து வெடிக்கும். பிக்சல் எழுத்துக்கு இதில் ஒரு நல்ல தப்பிக்கும் வழி இருக்கிறது. சதுரங்களை இணைக்காமல், ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் ஒரு மி.மீ. போல வெளி விட்டு அச்சிடுங்கள். பனியன் துணி இழுபடும்போது இழுவையைச் சதுரங்களுக்கு நடுவில் உள்ள துணி வாங்கிக்கொள்ளும். காற்றும் போகும். பார்வைக்கும் பழைய பலகை விளக்குப் போல நன்றாக இருக்கும்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு ஒரு வரி: ஒரு பிக்சல் 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் வேண்டாம்.

தறியில் நெய்ய

துணியிலேயே உருவம் நெய்யும் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர்கள் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே கட்டத்தாளில்தான் வேலை செய்தவர்கள். ஒரு கட்டம் என்பது நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். சென்னிமலைப் பெட்ஷீட்டோ கரூர்த் துண்டோ, உங்கள் பிக்சல் எழுத்தை அவர்களிடம் காட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள். உடனே ஒரு கேள்வியும் கேட்பார்கள்: “இஞ்சுக்கு எத்தன பாவு, எத்தன ஊடைங்க?”

ஏனென்றால் தறியில் கட்டம் சதுரமில்லை. உதாரணத்துக்கு அங்குலத்துக்கு 60 பாவு, 40 ஊடை என்று வையுங்கள். ஒரு கட்டத்தின் அகலம் 1/60 அங்குலம், உயரம் 1/40 அங்குலம். எழுத்தை அப்படியே ஏற்றினால் ஒன்றரை மடங்கு நெடிதாகி, ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டியது போல நிற்கும். 3 பாவு × 2 ஊடையை ஒரு பிக்சலாக எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் 1/20 அங்குலம், சரியான சதுரம். ‘திருப்பூர்’ 60 பிக்சலுக்கு 180 பாவு, 3 அங்குல அகலம். துண்டின் கரைக்கு அளவெடுத்தது போல உட்காரும். பாவு, ஊடை எண்ணிக்கை வேறாக இருந்தால் அதே கணக்கை அந்த எண்களுக்குப் போடுங்கள்.

பின்னலாடையில் கதை தலைகீழ். பனியன் காலர் பின்னும் ஃப்ளாட் நிட்டிங் மெஷினில் ஒரு கண் பொதுவாக உயரத்தைவிட அகலம் கூடுதல். எழுத்து சப்பையாகிவிடும். வரிசைகளைக் கண்டபடி இரட்டிப்பாக்கினால் ஒரு கோடு 2, இன்னொரு கோடு 3 என்று தடிமன் மாறும். காலருக்கென்றே புதிதாக, உயரம் கூட்டி வரைவதுதான் ஒழுங்கு.

கடைப் பலகை, பில், திரை

பேக்கரி வாசல்களில் சிவப்பாக ஓடும் எல்இடி பலகைகளில் பெரும்பாலும் இருப்பது பி10 என்ற பலகைத் துண்டு. ஒரு துண்டில் அகலவாக்கில் 32, உயரவாக்கில் 16 விளக்குகள், விளக்குக்கு விளக்கு 10 மி.மீ. நாம் 16 வரிசைக் கட்டம் எடுத்ததன் பலன் இங்கே கிடைக்கிறது. ‘திருப்பூர்’, ‘கோவை’ இரண்டுமே இரண்டு துண்டுக்குள், 64 செ.மீ. அகலத்தில் அடங்கிவிடும். ‘கோயம்புத்தூர்’ 100 பிக்சலைத் தாண்டும், நான்கு துண்டு வேண்டும். பலகையோடு வரும் மென்பொருளில் தமிழைத் தட்டச்சு செய்தால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சிதறுவது உண்டு. 16 பிக்சல் உயரத்தில் கறுப்பு வெள்ளைப் படமாக ஏற்றிவிட்டால் அந்த வம்பே இல்லை. இரவில் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் ஒளி பரவிச் சுழிகள் தெரியாது.

58 மி.மீ. தாள் போடும் பில் மெஷின்களில் வழக்கமாக ஒரு வரியில் 384 புள்ளி, மி.மீ.க்கு 8 புள்ளி. 60 பிக்சல் சொல்லை ஆறு மடங்காக்கினால் 360. தாளின் அகலத்தை நிறைத்து 12 மி.மீ. உயரத்தில் கடைப் பெயர் அழுத்தமாக விழும். முகவரியையும் விலையையும் இதே எழுத்தில் போட வேண்டாம், வாடிக்கையாளர் பாவம்.

திரையில் ஒரே விதி: 16, 32, 48, 64 என்று முழு மடங்கில் மட்டும் பெரிதாக்குங்கள். படத்தைப் பெரிதாக்கும்போது ஓரங்களைக் கலக்காத நியரஸ்ட் நெய்பர் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி ஓரங்களைக் கலங்கடித்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். யூடியூப் முகப்புப் படம், கல்லூரி விழா போஸ்டர், கேம் தலைப்பு ஆகியவற்றுக்கு இந்த எழுத்து பொருந்தும். தலைப்பில் மூன்று நான்கு சொல், அவ்வளவுதான். பத்தி பத்தியாக இதில் அச்சடித்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நான் மண்டப வாசலில் செல்ஃபி எடுக்கும் தட்டிக்கு மட்டும் போடலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

கோப்பைக் கொடுக்கும்போது

டிடிபி கடைகளிலும் பிரிண்டிங் யூனிட்டுகளிலும் கோரல்டிரா மென்பொருள்தான் ராஜா. பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழ் சரியாக வராது. அதனால் எழுத்துருவை அனுப்பாதீர்கள். எழுத்தை வளைகோடாக மாற்றி, பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாகக் கொடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் நீங்களே வேலை செய்கிறீர்கள் என்றால் விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்த பிறகே தமிழைத் தட்டச்சு செய்யுங்கள்.

கோப்போடு ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: அச்சின் அகலம் செ.மீ.யில், ஒரு பிக்சல் எத்தனை மி.மீ., எந்த மை, துணியின் நிறம். சாம்பிள் ஒன்று எடுத்து ஒரு தடவை துவைத்துப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டருக்குச் சரி சொல்லுங்கள்.

உரிமம் பற்றி: ஆங்கிலத்துக்குப் பிரஸ் ஸ்டார்ட் 2பி போன்றவற்றைத் துணைக்கு எடுத்தால், அவை ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் பனியனில் அச்சிட்டு விற்பதற்குத் தடை இல்லை. எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக்கூடாது. ஆனால் அதில் தமிழ் கிடையாது, உயரமும் நம் 10 வரிசைக்கு ஒத்துவராது. 26 பெரிய எழுத்தையும் 10 எண்ணையும் நீங்களே வரைந்துவிடுவது நல்லது. 126 தமிழ் உருவங்களை முடித்தவருக்கு அது ஒரு சாயங்கால வேலை.